கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

2001. பஹ்ரைனில் பொதுமன்னிப்பு. டென்மார்க்கில் அடைக்கலம் பெற்றிருந்த மனித உரிமைப் போராளி அப்துல்ஹாதி அல்-கவாஜா குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார். அடுத்த ஆண்டே நபீல் ரஜபும் இன்னும் சிலரும் சேர, பஹ்ரைன் மனித உரிமை மையம் பிறக்கிறது.

2004 செப்டம்பர். மனாமாவில் ஒரு கிளப். கூட்டம். அல்-கவாஜா பேசுகிறார். பிரதமரை விமர்சிக்கிறார். 1971 முதல் அதே நாற்காலியில் இருந்தவர் அந்தப் பிரதமர். உடனே கைது. மையத்தைக் கலைத்து உத்தரவு. நவம்பரில் ஓராண்டுச் சிறை. அன்றைக்கே மன்னரின் மன்னிப்பு. வெளியே வந்தவர் கலைக்கப்பட்ட மையத்தின் வேலையைத் தொடர்கிறார்.

2011 மார்ச். முத்து ரவுண்டானா. அரசை எதிர்த்துப் போராடியவர்கள் கூடிய இடம். ஆறு படகுப் பாய்கள் ஒரு முத்தைத் தாங்கி நிற்கின்றன. புல்டோசர்கள் வருகின்றன. சரிந்த கான்கிரீட் கிரேன் மேல் விழுகிறது. ஓட்டுநர் சாகிறார். பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளி. 500 ஃபில்ஸ் நாணயத்திலும் அந்த முத்து உண்டு. மத்திய வங்கி நாணயத்தையும் திரும்பப் பெறுகிறது.

ஏப்ரல் 9. இரவு. அல்-கவாஜாவின் ஒரு மகளுடைய வீடு. கதவு உடைகிறது. முகமூடிகள். அடி. அவரை மாடிப்படியில் இழுத்துப் போகிறார்கள். தாடை நான்கு இடங்களில் முறிகிறது.

ஜூன் 22. ராணுவ நீதிமன்றம். ஆயுள் தண்டனை. அவர் முஷ்டியை உயர்த்துகிறார்.

2012 பிப்ரவரி 8. சாப்பாட்டை நிறுத்துகிறார். மார்ச் போகிறது. ஏப்ரல் 22. சகீர் மைதானத்தில் ஃபார்முலா 1. கார்கள் சுற்றுகின்றன. 57 சுற்று. மருத்துவமனைக் கட்டிலில் அவர். பிறகு மூக்கு வழியாக உணவுக் குழாய். சம்மதமில்லாமல் ஏற்றினார்கள் என்கிறார் அவர். அரசு மறுக்கிறது. 110 நாட்கள். மே 28-இல் முடிக்கிறார். தண்டனை அப்படியே இருக்கிறது.

அமீரகம், அஜ்மான். 2017 மார்ச் 20. இன்னொரு கதவு. அகமது மன்சூர். எஞ்சினியர், கவிஞர், நான்கு மகன்களின் தகப்பன். அல்-கவாஜா சேர்ந்து நிறுவிய வளைகுடா மனித உரிமை மையத்தின் ஆலோசகர். கைது. 10 ஆண்டுச் சிறை, 10 லட்சம் திர்ஹம் அபராதம். தனிச் சிறை. கட்டில் இல்லை. மெத்தை இல்லை. புத்தகம் இல்லை.

2023 ஆகஸ்ட். பஹ்ரைனின் ஜவ் சிறை. நூற்றுக்கணக்கான கைதிகள் உண்ணாவிரதம். அறுபதைக் கடந்த அல்-கவாஜாவும் சேர்கிறார். கேட்பது இதுதான்: அறைக்கு வெளியே கூடுதல் நேரம். கூட்டுத் தொழுகை. பார்க்க வருகிறவர்களுக்கும் கைதிக்கும் நடுவில் கண்ணாடி வேண்டாம்.

செப்டம்பர். லண்டன் ஹீத்ரோ. அப்பாவுக்காகப் பஹ்ரைன் புறப்படுகிறார் மகள் மரியம். பக்கத்தில் ஆம்னெஸ்டியின் பொதுச்செயலாளர் அன்யெஸ் காலமார். விமானத்தில் ஏற்ற மறுக்கிறார்கள்.

2024 ஏப்ரல் 8. பெருநாளை ஒட்டி 1,500-க்கும் மேற்பட்ட கைதிகளுக்கு மன்னிப்பு. குடும்பங்கள் கட்டித் தழுவிக்கொள்கின்றன. அல்-கவாஜாவுக்கு மன்னிப்பு இல்லை. மறுநாளோடு அவர் உள்ளே போய் 13 ஆண்டு.