ஈயத் தொட்டியில் பன்னிரண்டு மாத வெள்ளாமை

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் மாவட்டக் கடலோரத்தில், ராம்னி மார்ஷ் என்ற சதுப்பு வெளி இருக்கிறது. கடலிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரை போட்டு மீட்ட நிலம் அது. வடிகால் வாய்க்கால்களை ஆண்டுதோறும் தூர் வாராவிட்டால் மறுபடி தண்ணீர்தான். புல் நன்றாக வளரும், ஆடு நன்றாகத் தேறும். ராம்னி என்ற ஆட்டினமே இந்த இடத்தின் பெயரைத் தாங்கி நியூசிலாந்து வரை போயிருக்கிறது. மனிதர்களுக்குத்தான் அந்த மண் அவ்வளவு இசையவில்லை. பழைய நாளில் கொசுவும் மலேரியாக் காய்ச்சலும் அங்கே குடியிருந்தன.

அந்த வெளியின் நடுவே புரூக்லாந்து என்ற சிற்றூர். அங்குள்ள புனித அகஸ்டின் தேவாலயம் 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. உள்ளே நுழைந்தால் தூண்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்பது கண்ணில் படும். இளகிய மண் கல்லின் பாரத்தைத் தாங்காமல் அமுங்கியதன் விளைவு. மணிக்கூண்டு கட்டடத்தின் மேல் இல்லை. பக்கத்தில் தரையிலேயே தனியாக நிற்கிறது. எட்டுப் பட்டை வைத்த மரக்கூண்டு, மூன்று கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தது போலிருக்கும். கனத்த மணிகளையும் சுவர் மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்று கட்டியவர்கள் மண்ணைப் பார்த்தே கணித்திருக்க வேண்டும். ஊரார் சொல்லும் கதை வேறு: வயது முதிர்ந்த கன்னிப் பெண்ணொருத்தி கல்யாணத்துக்கு வந்து நின்றாளாம், அந்த அதிசயத்தில் கூண்டு கீழே குதித்துவிட்டதாம்!

விவசாயிகள் நின்று பார்க்க வேண்டியது உள்ளேயிருக்கும் ஞானஸ்நானத் தொட்டியை. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, முழுவதும் ஈயம். இங்கிலாந்தில் பழைய ஈயத் தொட்டிகள் சுமார் முப்பதுதான் மிஞ்சியிருக்கின்றன. இதன் வெளிப்புறத்தைச் சுற்றி இரண்டு வரிசையாகச் சிறு சிறு வளைவுகள். மேல் வரிசையில் பன்னிரண்டு ராசிகள்: மேஷ ஆடு, ரிஷபக் காளை, துலாத் தராசு, மீனம் என்று நம் பஞ்சாங்கத்தில் பார்க்கும் அதே உருவங்கள். கீழ் வரிசையில் அந்தந்த மாதத்து வேலை. ராசிப் பெயர்கள் லத்தீனில், மாதப் பெயர்கள் பழைய பிரெஞ்சில். நார்மானியர் ஆண்ட காலம் அல்லவா! ஒவ்வொரு வரிசையிலும் வளைவுகள் இருபது என்பதால், எட்டு மாதங்கள் இரண்டு முறை வருகின்றன.

ஜனவரிக்கு இரண்டு முகம் கொண்ட ஜானஸ் விருந்தில் உட்கார்ந்து குடிக்கிறான். ஒரு முகம் போன வருடத்துக்கு, மற்றது வரும் வருடத்துக்கு. பிப்ரவரியில் ஒருவன் நெருப்பில் குளிர் காய்கிறான். மார்ச்சில் திராட்சைக் கொடிக்குக் கவாத்து. ஏப்ரலில் துளிர்த்த கிளையை ஏந்திய உருவம். மே மாதத்தில் வேலை இல்லை: குதிரையேறிய கனவான் கையில் வேட்டைப் பருந்தோடு போகிறான். ஜூனில் நீளப்பிடி அரிவாளால் புல் அறுப்பு, ஜூலையில் அதைக் காயவைத்து வாருதல். ஆகஸ்டில் கதிர் அறுப்பு, செப்டம்பரில் கோல் கொண்டு கதிரடிப்பு, அக்டோபரில் திராட்சை ரசம். நவம்பரில் ஓக் மரத்துக் கொட்டைகளை உதிர்த்துப் பன்றிக்குப் போடுகிறார்கள். டிசம்பரில் அதே பன்றியின் தலைக்கு மேல் கோடரி.

தீவனத்துக்கு எவ்வளவு இடம் என்று பாருங்கள். புல்லுக்கு மட்டும் இரண்டு மாதம். இது வைக்கோல் இல்லை. விதை முற்றுமுன் அறுத்துப் பச்சைச் சத்து போகாமல் உலர்த்திய புல். பனிக்காலம் முழுக்க மாடும் ஆடும் அதை நம்பித்தான் இருந்தன. தீவனம் போதாத பன்றியை டிசம்பரில் வெட்டி உப்புக்கண்டம் போட்டார்கள். உழவும் விதைப்பும் இந்தத் தொட்டியில் இல்லாததுதான் கொஞ்சம் மனத்தாங்கல்.

இதே தேவாலயத்தில் இன்னொரு பொருளும் இருக்கிறது: தசமபாகத் தராசு, எடைக்கற்கள், அளவு படிகள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கோவிலுக்கு. விதை, கூலி, வடிகால் வரி எல்லாம் கழித்த மிச்சத்தில் பத்தில் ஒன்று என்றால்கூடப் பரவாயில்லை. கணக்கு மொத்த மகசூலின் மேல். பத்தாவது கட்டு, பத்தாவது ஆட்டுக்குட்டி, ஆட்டு மயிரிலும் பங்கு. எருப் போட்டுக் கூடுதலாக விளைவித்தவன் செலவைத் தானே சுமந்தான், கூடுதல் விளைச்சலில் பங்கு மட்டும் கொடுத்தான். 1836இல் வந்த சட்டம் தானியத்துக்குப் பதில் பணம் என்று மாற்றியது. விலை சரிந்த 1930களில் அந்தப் பணத்தைக் கட்ட முடியாமல் கென்ட் விவசாயிகள் ஜப்தி ஏலங்களைத் திரண்டு எதிர்த்தார்கள். 1936இல் புதுச் சட்டம் வந்து, நில உரிமையாளர் அரசுக்குத் தவணை கட்டினால் போதும் என்றாயிற்று. அந்தத் தவணையும் 1977இல்தான் நீங்கியது.

தராசு இன்று காட்சிப் பொருள். தொட்டியில் இன்றும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். வெளியே மணிக்கூண்டைச் சுற்றிய வயல்களில் ஆடுகள் மேய்கின்றன.