இடமறிந்து வைத்தல்

ஒரு பொருளை ஒழுங்குற வைத்தல் வேறு. அதனை வேண்டுவோர் கைக்கு எட்டுமாறு வைத்தல் வேறு. இவ்விரண்டும் ஒன்றே என்று யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழைபட்டதென எமக்கு உணர்த்தியது யாதொரு பெருநூலும் அன்று. கணிப்பொறித் திரையின் கீழ்மூலையில் அழுத்தியவுடன் விரியும் 'ஸ்டார்ட் மெனு' என்னும் தொடக்கப் பட்டியே அதனை உணர்த்தியது. சிறு செய்தியே எனினும், எம் தோழர்களுக்கும் பயன்படக்கூடும் எனக் கருதி இதனை ஈண்டு வரையத் துணிந்தோம்.

இப்பட்டி 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் விண்டோஸ் 95 என்பதனோடு உலகிற்கு வந்தது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 இதனை அகற்றி, திரை முழுதும் பரந்த கட்டங்களை அதன் இடத்தில் வைத்தது. 2015 ஜூலை 29-இல் வந்த விண்டோஸ் 10 இரண்டினையும் இணைத்தது. அதன்கண் இடப்புறத்தே செயலிகளின் பெயர்கள் அகர வரிசையில் நிற்கும். வலப்புறத்தே 'டைல்' எனப்படும் கட்டங்கள் தொகுதி தொகுதியாக அமையும். பட்டியின் மேலோரத்தையோ வலவோரத்தையோ சுட்டியாற் பற்றி இழுப்பின் அது நீளும், அகலும், சுருங்கும். கட்டங்களுக்குச் சிறியது, நடுத்தரம், அகன்றது, பெரியது என நான்கு அளவுகள் உண்டு. சிறியவை நான்கு சேர்ந்தது ஒரு நடுத்தரம். நடுத்தரம் இரண்டு சேர்ந்தது அகன்றது. நான்கு சேர்ந்தது பெரியது. எனினும், எல்லாச் செயலிகளுக்கும் நான்களவும் கிட்டுமென்று எண்ணற்க. பழைய முறையில் அமைந்த பல செயலிகளுக்குச் சிறியதும் நடுத்தரமுமே உண்டு.

தமிழ் பயில்வார்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. திவாகரம் முதலிய நிகண்டுகள் சொற்களைத் தெய்வப் பெயர், மக்கட் பெயர் எனப் பொருள்பற்றித் தொகுத்தன. வீரமாமுனிவரோ 1732-இல் இயற்றிய சதுரகராதியில் அவற்றை எழுத்து முறையில் நிறுத்தினார். சொல்லை அறிந்து பொருளைத் தேடுவானுக்கு அகராதி துணை. பொருளை அறிந்து சொல்லைத் தேடுவானுக்கு நிகண்டு துணை. தொடக்கப் பட்டியின் இடப்புறம் அகராதி, வலப்புறம் நிகண்டு. இவ்வுண்மையைத் தேர்வுத்தாளில் எழுத அறிந்திருந்த யாம், இல்லத்தில் மறந்தோம்.

2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, எம் பாட்டனாரின் மடிக்கணினியைக் கண்டோம். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கண்ணொளி சற்றே மங்கியவர். சனிதோறும் எமக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் விடுப்பார். அவருடைய தொடக்கப் பட்டியோ, பெரிதும் சிறிதுமான கட்டங்கள் வரம்பின்றிக் கலந்து, சந்தைக்கடைபோல் இருந்தது. எமக்கு அதனைக் காணப் பொறுக்கவில்லை. அவர் உணவுக்குப் பின் கண்ணயர்ந்திருந்த வேளையில், பட்டியைச் சுருக்கினோம். கட்டங்கள் அனைத்தையும் சிறியனவாக்கினோம். அவற்றை ஆங்கில எழுத்து முறைப்படி நான்கு வரிசையில் அடுக்கினோம். கட்டளையிட்டாற்போல் நின்ற அவ்வணியைப் பலமுறை நோக்கி மகிழ்ந்தோம். அவர் விழித்தெழுந்து கண்டு, "அழகாக இருக்கிறது, அப்பா" என்றார். அதற்குமேல் ஒன்றும் கூறினாரில்லை.

விடுதிக்குத் திரும்பியபின் சனிக்கிழமைகள் கடிதமின்றிக் கழிந்தன. முதல் வாரம் வேலை மிகுதியென எண்ணினோம். இரண்டாம் வாரம் எண்ணவும் மறந்தோம். ஐந்தாம் வாரம் ஒரு தபால் அட்டை வந்தது. வரிகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தன. சில சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. நலம் வினவியபின், "பெட்டியில் என் பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை. நீ வருந்த வேண்டாம். கையெழுத்தும் மறந்துபோகாமல் இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். அவ்வட்டையைத் தோழர்க்குக் காட்ட எமக்கு நா எழவில்லை.

ஆகஸ்டு 15-ஆம் நாள் விடுமுறையை ஒட்டி ஊர் சென்றோம். இம்முறை அவரருகே அமர்ந்து, "தாத்தா, முன்னே எவ்வாறு தேடுவீர்கள்?" என்று வினவினோம். அவர் விரலால் திரையைத் தொட்டு, "மேல் வரிசையில் மூன்றாவது கடிதம், அதன் கீழே எழுதுவது, பெரிதாக ஓரத்தில் இருந்தது படங்கள்" என்றார். அவர் பெயரால் அறிந்தாரல்லர். இடத்தாலும் அளவாலும் அறிந்திருந்தார். சந்தைக்கடை என்று யாம் இகழ்ந்தது அவருடைய நிகண்டு. யாமோ அதனைக் கிழித்து, அவர் அறியாத எழுத்துக்களில் ஓர் அகராதி செய்து கொடுத்தோம். அதனினும் கொடிது, சிறிய கட்டத்தில் செயலியின் பெயர் தோன்றாது, குறிமட்டுமே தோன்றும். மங்கிய கண்ணுக்கு அக்குறிகள் யாவும் ஒரே புள்ளிகள்.

பின்னர் அவர் சொல்லச்சொல்ல யாம் செய்தோம். பட்டியை மேலோரம்பற்றி உயர்த்தினோம். வேண்டாதவற்றைப் பட்டியினின்று மட்டும் விடுவித்தோம். அங்ஙனம் விடுவித்தல் செயலியை அழிப்பதன்று, அது அகர வரிசையில் நிலைத்தே இருக்கும். எஞ்சியவற்றுக்கு எவ்வளவு பெரிய கட்டம் கிடைத்ததோ அவ்வளவும் கொடுத்தோம். தாமே உருமாறிக் கண்ணை அலைக்கும் கட்டங்களின் அசைவை நிறுத்தினோம். தொகுதியின் தலைப்பில் 'கடிதம்', 'எழுத்து', 'படம்' எனத் தமிழிலேயே பெயரிட்டோம். அமைப்புகளுள் எழுத்தின் அளவை 100 விழுக்காட்டிலிருந்து 225 வரை உயர்த்த இடமுண்டு. அவர் "போதும்" என்னும்வரை உயர்த்தினோம். முடிந்தபோது அது எம் கண்ணுக்கு அழகாக இல்லை. அடுத்த சனிக்கிழமை கடிதம் வந்தது.

விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்ட பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதன்பின் எம் பாட்டனாரின் கணினியும் விண்டோஸ் 11-க்கு மாறிற்று. 2021-இல் வெளிவந்த அவ்வமைப்பில் கட்டங்களின் நால்வகை அளவு இல்லை. குறிகள் யாவும் ஒத்த அளவின. ஓரம்பற்றி இழுத்தலையும் அது கைவிட்டே வெளிவந்தது. ஆயினும் குறிகளை இடம் மாற்றவும், வேண்டியதனை முன்வரிசைக்குக் கொணரவும் அதில் வழியுண்டு. யாம் சுட்டியைத் தொடுமுன், "எது எங்கே இருக்க வேண்டும், தாத்தா?" என்று கேட்டோம். அவர் நகைத்து, "இப்போது கேட்கக் கற்றுக்கொண்டாய்" என்றார்.

பிறர்க்குத் தொண்டு செய்யப் புகுவோர் பலர்; புகுமுன் அவரை வினவுவோர் சிலரே. எம்மையும் முன்னவருள் ஒருவராகவே அக்கோடைநாள் கண்டது. அத்தபால் அட்டையை எம் நிகண்டு நூலுக்குள் வைத்திருக்கின்றோம்.