இன்டர்காம் மணி

திருவண்ணாமலைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கத்துக்குப் படியிறங்கும்போதெல்லாம் எனக்கு நான் வேலை பார்த்த பழைய அலுவலகம்தான் ஞாபகத்துக்கு வரும். 1896 செப்டம்பரில் திருவண்ணாமலைக்கு வந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் அந்த இருட்டில்தான் உட்கார்ந்திருந்தான். பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியும் அசையவில்லை என்பார்கள். பின்னாளில் அவர்தான் ரமணர்.

ஊரைவிட்டு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில், திடீரென்று சாவு பயம் அவரைப் பிடித்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அவர் யாரையும் கூப்பிடவுமில்லை. பிணம்போல் கைகால் நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, சாவது எது என்று பார்த்தார்.

அந்த அலுவலகத்தில் எனக்கு வந்த பயத்தை அதோடு ஒப்பிடமாட்டேன். அவருடைய பயத்துக்கு வெளியே காரணமில்லை. என் பயத்துக்குக் காரணம் மேசைமேலேயே இருந்தது. சாம்பல் நிற இன்டர்காம், அழுக்கேறிய சுருள் வயர். மணி அடித்தால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்த்து ரசீதுத் தாள் ஒட்டிக்கொள்ளும். "இன்னாமா, கை இப்படி நடுங்குது?" என்று பக்கத்து சீட்டு அக்கா கேட்பார். ராத்திரி தூக்கமில்லை என்பேன். பல நாள் அது உண்மையும்தான்.

பௌர்ணமிக்கு மலையை ஒரு சுத்து சுத்திட்டு வா, எல்லாம் சரியாப் போயிடும் என்றார்கள். போனேன். பதினாலு கிலோமீட்டர், இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்யம் வரைக்கும். எம லிங்கம் தாண்டும்போது மூச்சு சீராகிவிடும், வீட்டுக்கு வந்து படுத்தால் நல்ல தூக்கம். கிரிவலத்தின்மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. ஆனால் திங்கட்கிழமை மணி அடித்தால் அதே படபடப்பு. "ரமணர் மாத்திரையா சாப்பிட்டார்?" என்று கேட்ட உறவினர்மேல் மட்டும் இன்றுவரை கோபம் உண்டு. இந்த ஊரில் மனக்கஷ்டம் எதைச் சொன்னாலும் அதை ஆன்மிகமாக்கிவிடுகிறோம். அதில் வைத்தியம் தள்ளிப்போகிறது.

கடைசியில் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்தான் போடச் சொன்னார். பதற்றம் வந்தால், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று ஒரு வரி. எழுத எழுதத்தான் தெரிந்தது, எல்லா மணிக்கும் நான் பயப்படவில்லை. மதியத்துக்கு மேல், கணக்கு முடிக்கும் நேரத்தில், அதிகாரி "கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லி வைக்கும் அழைப்புகள்தான். என்ன விஷயமென்று தெரியாமல் அவர் அறைவரை நடக்கும் அந்தத் தூரத்தில் மனசு எல்லாத் தப்பையும் கற்பனை செய்துவிடும். அந்த நேரம் பார்த்து இரண்டாவது காபியும் குடித்திருப்பேன். காபி படபடப்பைக் கூட்டும்.

காபியை விட்டேன். எழுந்திருக்கும் முன் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடப் பழகினேன். ஆனால் பெரிய மாற்றம் வந்தது ஒரு வாக்கியத்தால். அந்த வருடக் கார்த்திகை தீபம் முடிந்த வாரம், கூட்டமெல்லாம் கலைந்து ஊர் மூச்சுவிட்ட நேரத்தில், அதிகாரியிடம் போய், "கூப்பிடும்போது என்ன விஷயம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், எனக்குப் பதட்டமாயிடுது" என்றேன். "இவ்வளவுதானா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். அதன்பிறகு, "மார்ச் லெட்ஜர் எடுத்துட்டு வாங்கம்மா" என்று சொல்லித்தான் வைப்பார்.

பயத்தை உற்றுப் பார்ப்பது அந்தப் பையன் மாடியில் செய்த காரியம். நமக்கு அதைத் தனியாகச் செய்யவேண்டிய கட்டாயமில்லை. மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை என்று 2017-ஆம் வருடத்துச் சட்டமே சொல்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஆளைக் கூப்பிடும் இடத்தில் இருக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்: விஷயத்தை முதலில் சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள்.