கழற்றிய ஒயர்

புத்தூர் மெக்கானிக் அண்ணா மேல் நான் போட்டது வீண் பழி. அந்த ஒயரைக் கழற்றியவன் நான்தான்.

நைனாவின் வண்டி 1986 அம்பாசிடர், மார்க் 4. அந்தச் சித்திரையில் வடமாலபேட்டையிலிருந்து எங்கே கிளம்பினாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறியது. "முள்ளு ஏறுதுடா, அண்ணாகிட்ட சொல்லு" என்றார் நைனா. ட்யூனிங்குக்கு விட்டபோது நான் வாயே திறக்கவில்லை. சொன்னால் ரேடியேட்டரை இறக்குவார், வண்டி இரண்டு நாள் நிற்கும். திருப்பதியில் மாமா பெண் கல்யாணம். திருத்தணியிலிருந்து ஆட்களைக் கூட்டிவர வேண்டும்.

சோதிக்கத் தெரியாதவன் இல்லை. சாவியைப் போட்டு, சென்சார் ஒயரைப் பிடுங்கி ஒரு நொடி இன்ஜின் பாடியில் தொட்டால் முள் சூட்டுப் பக்கம் ஓடும்; ஓடினால் மீட்டரும் ஒயரும் சரி. அடுத்து, சென்சாரை வெந்நீரில் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால், சூடு ஏற ஏற ஓம்ஸ் இறங்க வேண்டும். அரைமணி நேர வேலை. நான் ஒயரை மட்டும் பிடுங்கினேன். முள் 'சி' பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

"மீட்டர் கோளாறுதான் நைனா. தானா சரியாயிடுச்சு."

அவர் நம்பினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், டோல்கேட் வரிசை. நிற்கிற வண்டியில் ரேடியேட்டருக்குக் காற்று ஏது? ஐடிலிங்கில் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியபோதும் முள் அசையவில்லை. பின்சீட்டில் அத்தை கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

ஹெட் கேஸ்கட் போய், ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தது. ஹெட்டும் வளைந்துவிட்டது. ரேடியேட்டர் குழாய்களில் எங்கள் போர் தண்ணீரின் உப்பு சுண்ணாம்பாகப் படிந்து அடைத்திருந்தது. முள் காட்டியதெல்லாம் நிஜம்.

அண்ணா தொங்கிய ஒயரை விரலில் தூக்கிப் பிடித்து, "இதை யார் தம்பி கழட்டினது?" என்றார். நைனா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"ட்யூனிங் பண்ணப்ப நீங்கதானே கை வெச்சீங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கிரீஸ் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். அந்த வேலைக்குக் கூலி வாங்கவில்லை.

இருபது வருஷப் பழக்கத்தை நைனா அன்றோடு விட்டார். உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்தார். வண்டி இப்போது என்னிடம் இருக்கிறது. புத்தூரில் அந்தக் கடையும் இருக்கிறது, அண்ணாவும் இருக்கிறார். வண்டியை அந்தப் பக்கம் திருப்ப எனக்கு இன்னும் கை வரவில்லை.