காவலூரும் பக்கம் 331-ம்

போன மாசம் ஆலங்காயத்துல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன் மக்கா. ஜவ்வாது மலை அடிவாரம். அக்கா பொண்ணு எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறா. அவ ப்ராஜெக்ட்டோட முதல் வரி: "1977 மார்ச் 10 அன்று காவலூரில் யுரேனஸின் வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்டன." சின்ன வயசுல அவளை மலைக்குக் கூட்டிட்டுப் போய், வானாய்வகத்தைக் காட்டி இதைச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் சாட்சாத் அடியேன்தான் :-)

"ஆதாரம் எங்க?"ன்னேன்.

"நீங்கதான் மாமா."

என் பேரை ப்ராஜெக்ட்ல போட முடியாதே! நாசாவோட ஏடிஎஸ் தளத்தைத் திறந்தோம். வானியல் கட்டுரைகளைத் தேடுற இடம், காசு கிடையாது. எழுதினவர் பேரும் வருஷமும் போட்டா போதும். பட்டாச்சார்யா, 1977. வந்துச்சு: நேச்சர் இதழ், தொகுதி 267, பக்கம் 331, கூட எழுதினவர் குப்புசாமி. தலைப்பைப் பார்த்ததும் அவ முகம் வாடிடுச்சு. 'யுரேனஸின் ஒரு புதிய துணைக்கோள்' என்கிற அர்த்தத்துல தலைப்பு. அதே இதழ்ல பக்கம் 328-ல, இந்தியப் பெருங்கடல் மேல விமானத்துல பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவோட கட்டுரை: 'யுரேனஸின் வளையங்கள்'.

"அப்ப நம்மாளுங்க கோட்டை விட்டுட்டாங்களா மாமா?"

எனக்கும் சுருக்குன்னுச்சு. இத்தனை வருஷமா பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேனே! யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கிறதுக்கு முன்னாடியே அதோட ஒளி சட்டுனு மங்கினதை காவலூரோட 1 மீட்டர் தொலைநோக்கியும் பதிவு பண்ணியிருந்துச்சு. அதை நிலவா இருக்கும்னு நினைச்சிருக்காங்க.

பட்டியல்ல இன்னும் கொஞ்சம் கீழே போனோம். அதே வருஷம், தொகுதி 270, பக்கம் 503. பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் சேர்ந்து எழுதினது. இப்ப தலைப்புலயே யுரேனஸைச் சுற்றி சனிக்கு இருப்பது போன்ற வளையங்கள்! சில மாசத்துல தங்கள் முதல் முடிவைத் தாங்களே திருத்தி, அதே இதழ்ல அச்சேத்தியிருக்காங்க.

அவ அந்த முதல் வரியை அடிச்சிட்டு மூணு வரியா எழுதினா. ரெண்டு கட்டுரையையும் சேர்த்தே போட்டா.

ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்க வீட்டுல இருந்தா சொல்லுங்க. 1991-லேர்ந்து இருக்கிற ஆர்க்கைவ்ல இயற்பியல், கணிதக் கட்டுரைகள் முழுசா இலவசம். காசு கேக்குற கட்டுரைன்னா, அன்பேவால்ங்கிற நீட்சியை உலாவில போட்டுக்கிட்டா, சட்டப்படி இலவசமா பிரதி எங்கயாவது இருந்தா காட்டும். மாமா சொன்னதை மட்டும் ஆதாரமா போட வேண்டாம் :-)