மூச்சை எந்தக் கடையில் வாங்குவது?

விசா கேன்சலாகி ஊர் திரும்புகிறவர்கள் கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினோடு விற்றுவிட்டுப் போகும் சாமான்களில் இப்போதெல்லாம் ஸ்கூபா செட்டும் சேர்ந்திருக்கிறது. 30 கிலோ லக்கேஜுக்குள் பிள்ளைகளின் துணிமணியும் சொந்தக்காரர்களுக்கு வாங்கிய பால்பவுடரும் தைலமும் ஏறிய பிறகு, ஒரு ஜோடி ஃபின்ஸுக்கு எங்கே இடம்? கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவார்கள். வாங்க வருகிறவர் விவரம் தெரிந்த ஆளாக இருந்தால் விலையைப் பிறகு பேசுவார். முதலில் அவர் கேட்பது, "சர்வீஸ் பில் வெச்சிருக்கீங்களா?" இருந்தால் கௌரவமான விலை கிடைக்கும். இல்லையென்றால் பேரிச்சம்பழத்துக்குப் போடும் விலைதான்.

நான் தூத்துக்குடிக்காரன்; குடியிருப்பது ஷார்ஜாவில், வேலை துபாயில். எங்கள் ஊரில் கடலுக்குள் இறங்குவது பிழைப்பு. சங்கு குளிக்கப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, காசு கொடுத்துவிட்டுச் சும்மா மீன் பார்க்கக் கடலுக்கு அடியில் போகலாம் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. 2019இல் கோர்ஃபக்கான் சாலை மலையைக் குடைந்து திறக்கப்பட்ட பின் ஓமான் வளைகுடாக் கரை எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையைச் சனி ஞாயிறுக்கு மாற்றியபோது ஷார்ஜா மட்டும் வெள்ளியையும் சேர்த்து மூன்று நாளாக்கியது. அரசு வேலைக்காரர்களுக்குத்தான் அந்தச் சுகம் முழுசாக. தனியார் கம்பெனிக்காரனுக்குக் கிடைத்தவரை லாபம். ஸ்னூப்பி தீவு, திப்பா பாறை, மார்ட்டினி ராக் என்று ஒரு சுற்று போய்வந்தவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, வாடகை ரெகுலேட்டரை வாயில் வைக்காமல் சொந்தமாக ஒன்று வாங்குவது.

அங்கேதான் மனக்கணக்கு தொடங்குகிறது. எத்தனை வருஷம் இருந்தாலும் திர்ஹாமை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கும் புத்தி நம்மைவிட்டுப் போவதில்லை. டைவ் ஷாப்பில் மாட்டியிருக்கும் ரெகுலேட்டரின் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டே கைப்பேசியில் அதே மாடலைத் தேடாத ஆளை நான் பார்த்ததில்லை. தேடுவதும் இன்று எளிது. வீட்டு விலாசம் என்று ஒன்று ஒழுங்காக இல்லாத, தபால்பெட்டி எண்ணை வைத்தே காலம் தள்ளிய ஊர்கள் இவை. டெலிவரிப் பையனிடம் "லூலூவுக்குப் பின்னாடி, பள்ளிவாசலுக்கு எதிர் பில்டிங்" என்று போனில் வழிசொல்லிச் சொல்லியே இணைய வணிகம் வளர்ந்தது. 2005இல் தொடங்கிய சூக் தளத்தை 2017இல் அமேசான் வாங்கியது, 2019இல் அதற்குத் தன் பெயரையே வைத்தது. இடையில் 2017இல் நூன் வந்தது. இன்று நள்ளிரவில் ஆர்டர் போட்டால் மறுநாள் மாலைக்குள் ஒரு மாஸ்க் வந்துவிடுகிறது.

வெளிநாட்டுத் தளத்திலிருந்து வரவழைத்தால் இன்னும் மலிவு என்பார்கள். பார்ப்பதற்கு அப்படித்தான். 2018இலிருந்து 5 சதவீத வாட் இருக்கிறது. 2023 தொடக்கத்திலிருந்து 300 திர்ஹாமுக்கு மேற்பட்ட பார்சலுக்குச் சுங்கவரியும் 5 சதவீதம். இதோடு கூரியர் கட்டணம். இதையெல்லாம் கூட்டிய பிறகும் ஆன்லைன் விலை குறைவாகவே இருக்கும் நாட்கள் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாரண்டி என்று ஒன்று இருக்கிறது. பெரிய கம்பெனிகள் பலவும் தாங்கள் அங்கீகரித்த கடையில் வாங்கிய பில் இருந்தால்தான் அதை மதிக்கின்றன. பழுதுபார்க்கத் தேவையான ஓ-ரிங், வால்வு அடங்கிய சர்வீஸ் கிட்டையும் அந்தக் கடைகளுக்கே அனுப்புகின்றன.

எனக்குத் தெரிந்த டெக்னீஷியன் ஒருவர் கீழக்கரைக்காரர். ஒரு காலத்தில் முத்து வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த ஊரிலிருந்து வந்து, முத்துக்குளித்த கடலோரத்தில் ரெகுலேட்டர் பிரித்து மாட்டுகிறார். நண்பர் ஒருவர் இணையத்தில் வாங்கிய செட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனோம். வாங்கித் திருப்பிப் பார்த்தார். சீரியல் எண்ணைப் படித்தார்.

"அண்ணாச்சி, பொருள் நல்ல பொருள்தான். ஆனா இந்த மாடலுக்குக் கிட் எங்ககிட்ட வராது. நான் தொட்டா நாளைக்கு ஏதாவதுன்னா பேர் எனக்கு."

"சும்மா ஒருதரம் பாத்துக் குடுங்க பாய்."

"கீழ போறது நீங்களா நானா?"

ரெகுலேட்டர் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் அந்தக் கோபம் புரியும். சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. நாம் காற்றடிக்கும் கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். முதல் கட்டம் அந்த 200ஐச் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடப் பத்துப் பார் அளவுக்கு மேலானதாகக் குறைக்கிறது. வாயில் கடித்திருக்கும் இரண்டாம் கட்டம் அதை நுரையீரல் தாங்கும் அளவுக்குக் கொண்டுவருகிறது. 20 மீட்டர் ஆழத்தில் சுற்றுநீரின் அழுத்தம் 3 பார். ஒவ்வொரு மூச்சுக்கும் இந்தக் கணக்கு பிசகாமல் நடக்க வேண்டும். நடுவில் இருப்பதோ சில ரப்பர் வளையங்களும் ஒரு சவ்வும் ஸ்பிரிங்கும். ஆகஸ்ட் மாதம் காரின் டிக்கியில் கிடந்து வெந்தால் அந்த ரப்பர் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இணையத்தில் நட்சத்திரம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வேறு கடலில் குளிப்பவர்கள். ஸ்காட்லாந்தில் ஒருவர் புகழ்ந்த 7 மில்லிமீட்டர் வெட்சூட்டை இங்கே கோடையில் போட்டால் தண்ணீரில் இறங்குமுன் மயக்கம் வரும். கோடையில் இந்தக் கடல் 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. உப்பும் ஒன்றுபோல இல்லை. பெருங்கடலில் ஒரு கிலோ நீரில் சுமார் 35 கிராம் உப்பு என்றால், துபாய், அபுதாபி பக்கம் அது 40ஐத் தாண்டும். உப்பு கூடினால் உடம்பு கூடுதலாக மிதக்கும். இடுப்பில் கட்டும் ஈயத்தைக் கூட்ட வேண்டும். அதே ஆள் ஃபுஜைராவுக்குப் போனால் சற்றுக் குறைக்க வேண்டும். நாத் அல் ஷெபாவில் 2021இல் திறந்த 60 மீட்டர் ஆழ டீப் டைவ் துபாய் குளத்தில் நன்னீர். அங்கே இன்னும் குறைவு. இதைக் கடைக்காரர் நம் உடம்பைப் பார்த்த மாத்திரத்தில் ஏறக்குறையச் சொல்லிவிடுவார். மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் கையில் எடுத்துச் செய்யும் வேலைதான்: பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். நம் மூக்குக்கும் மேலைநாட்டு அச்சுக்கும் எப்போதும் சரிப்பட்டு வருவதில்லை.

இப்படிச் சொல்வதால் உள்ளூர்க் கடையெல்லாம் தர்மசத்திரம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கடலின் பழைய கதை அதற்குச் சாட்சி. இங்கே முத்துக்குளித்தவர்களின் கருவிகள் எளியவை: ஆமையோட்டில் செய்த ஃபித்தாம் என்ற மூக்குக்கவ்வி, கழுத்தில் தொங்கும் கூடை, விரலுக்குத் தோலுறை, காலில் கட்ட ஒரு கல். நகுதா எனும் மரக்கலத் தலைவன் சீசனுக்கு முன்பணம் கொடுப்பான், சாப்பாட்டுச் செலவையும் அவனே எழுதிக்கொள்வான். பல குளியாட்கள் அந்தக் கடனிலிருந்து ஆயுசுக்கும் மீளவில்லை. தகப்பன் கடன் மகன் தலையில் விழுந்ததும் உண்டு. 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலையே மூடின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த அரபுக் குளியாட்கள் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரைவரை வந்து குளித்திருக்கிறார்கள். அவர்களுக்கு மூக்கில் கவ்வி. பக்கத்தில் மூழ்கிய நம் தமிழர்கள் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். கருவியில் அவர்கள் ஒரு படி மேல்.

காற்றுச் சிலிண்டர் இந்தக் கரைக்கு வந்ததும் கேளிக்கைக்காக அல்ல. 1954இல் பிரெஞ்சுக்காரர் ஜாக் கூஸ்தோ தன் காலிப்ஸோ கப்பலோடு அபுதாபிக் கடலுக்கு வந்தார். எண்ணெய்க் கம்பெனிக்காகக் கடலடிப் பாறையைச் சோதித்து மாதிரி எடுப்பதுதான் வேலை. 1958இல் உம் ஷைஃபில் எண்ணெய் கிடைத்தது. 1962இல் தாஸ் தீவிலிருந்து ஏற்றுமதி தொடங்கியது. நாமெல்லாம் இங்கே வந்து சேர்ந்ததற்கு அந்த முங்கலிலும் ஒரு பங்கு இருக்கிறது.

கடைகள் தர்மத்துக்கு நடப்பவை அல்ல என்பதால் போட்டி நல்லதுதான். ஆன்லைன் விலை என்று ஒன்று கைப்பேசியில் தெரிவதால்தான் கோர்ஸ் முடித்த கையோடு முழு செட்டையும் தலையில் கட்டப் பார்க்கும் கடைகள் சற்று அடங்குகின்றன. அப்படி ஒரு கடையில், வருஷத்துக்கு மூன்று நாலு தடவை கடலுக்குப் போகும் எனக்கு, குழப்பமான குழாய்களோடு டெக்னிக்கல் டைவர்கள் போடும் பிசிடியை (நீருக்குள் மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) விற்கப் பார்த்தார்கள். விலை கேட்டு வெளியே வந்தேன்.

இன்னொன்றும் உண்டு. கடையும் நம்மைப் போலத்தான் இங்கே. வாடகை ஏறினால் இடம் மாறும், லைசென்ஸ் புதுப்பிக்காவிட்டால் மூடும். நம்பி ரெகுலேட்டரைக் கொடுத்த கீழக்கரைக்காரர் ஒரு நாள் "கேன்சல் பண்ணிட்டேன் அண்ணாச்சி, போதும்" என்பார். அடுத்த வாரம் அவர் இடத்தில் பிலிப்பைன்ஸின் செபுவிலிருந்து வந்த பையன் உட்கார்ந்திருப்பான். ஆளை நம்பிய நம்பிக்கை ஆளோடு போய்விடும். பில்லும் கம்பெனி அங்கீகாரமும் அப்படிப் போவதில்லை. கடையில் கொடுக்கும் கூடுதல் காசு அந்த இரண்டுக்கும்தான் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் செட் வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. மாஸ்க்கும் பூட்ஸும் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். ரெகுலேட்டர், பிசிடி இரண்டையும் அமீரகத்திலேயே சர்வீஸ் செய்யும் அங்கீகாரம் உள்ள கடையில் வாங்குங்கள். ஆன்லைன் விலையைக் காட்டிப் பேரம் பேசுங்கள், முதல் சர்வீஸை இலவசமாகக் கேளுங்கள், பெரும்பாலும் இறங்கி வருவார்கள். டார்ச், பை, ரீல், கத்தி, ஸ்நார்க்கெல் எல்லாம் தாராளமாக இணையத்தில் வாங்கலாம். அதில் மிச்சமாகும் காசே கணிசம். சிலிண்டர் வாங்கவே வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை, வருஷத்துக்கு ஒருமுறை உட்புறப் பரிசோதனை என்று அது இழுக்கும் வேலைக்கு வாடகையே மேல். ஒவ்வொரு பில்லையும் ஃபைலில் போட்டுவையுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது அந்த ஃபைலுக்கும் சேர்த்துத்தான் விலை கிடைக்கும்.