பனியில் நிற்கும் கத்தாழை

குன்னத்தூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. கால்கரி வீட்டு வாசலில் நம்ம தோட்டத்து வேலி ஆனைக்கத்தாழை மாதிரி ஒன்று வைக்க ஆசை என்றாய். உன் அப்பாரு அதன் நாரில்தான் மாட்டுக்குக் கயிறு திரிப்பார். இப்போது வேலியெல்லாம் கம்பியாகிவிட்டதால், நீ கேட்டதே எனக்குச் சந்தோஷம்.

ஆனைக்கத்தாழை அங்கே ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. ஆனால் அதற்குப் பங்காளி முறையில் யூக்கா என்று ஒரு செடி உண்டு. அதில் யூக்கா கிளாக்கா என்ற வகை உங்கள் ஆல்பர்ட்டாவின் தென்கோடியிலேயே, மில்க் ஆற்றோரச் சரிவுகளில் தானாக விளைகிறது. மைனஸ் 30 டிகிரியிலும் பச்சையாக நிற்கும். கடைகளில் ஃபிலமென்டோசா என்ற வகையைத்தான் அதிகம் காட்டுவார்கள். இலை விளிம்பில் நார் சுருண்டு தொங்கும், அதுவும் நல்ல செடிதான். உன் ஊருக்குக் கிளாக்காவையே கேட்டு வாங்கு.

நீ பயப்பட வேண்டியது குளிருக்கு அல்ல, ஈரத்துக்கு. நடுக்குளிர்காலத்தில் ராக்கி மலையிலிருந்து சினூக் காற்று இறங்கினால் பனி மளமளவென உருகுமே, அந்தத் தண்ணீர்தான் எமன். குருத்தடியில் தேங்கி, காற்று நின்றதும் மறுபடி உறையும். இப்படி உருகியும் உறைந்தும் குருத்து அழுகிப்போகும். உன் வாசலோ களிமண். அதனால் தெற்கு பார்த்த சுவரோரம், வெயில் விழும் இடத்தில், சரளையும் மணலும் கலந்து ஒரு முழ உயரத்துக்கு மேடு போடு. நம்ம மேட்டாங்காட்டு மண் நினைவிருக்கிறதல்லவா, எவ்வளவு மழை பெய்தாலும் கால் நாளில் வடிந்துவிடும். அந்தப் பதம் வர வேண்டும். மே கடைசியில் உறைபனி நின்றதும் நடு. ஆணிவேர் ஆழமாக இறங்கும், பிறகு இடம் மாற்ற முடியாது. செப்டம்பரோடு தண்ணீரை நிறுத்திவிடு. பனி விழுமுன் இலைகளை மேலே சேர்த்துத் தளர்வாகக் கட்டு. அடுத்த பார்சலில் பனியன் வேஸ்ட் துணி வைத்து அனுப்புகிறேன்; கம்பி மாதிரி இலையை அறுக்காது. பிளாஸ்டிக் போட்டு மட்டும் மூடாதே, உள்ளே வேர்த்து அழுகிவிடும்.

சில வருடம் கழித்து வெள்ளைப் பூ கொத்தாய்க் கவிழ்ந்து தொங்கும். பூத்ததோடு செடி முடிந்துபோகாது, பக்கக் கன்றுகள் தொடர்ந்து வரும். காய் பிடிக்கவில்லை என்று வருத்தப்படாதே. காய் பிடிக்க அதற்கென்றே இருக்கும் ஓர் அந்துப்பூச்சி வர வேண்டும். பெண்பூச்சி மகரந்தத்தை உருண்டையாகத் திரட்டி எடுத்துப்போய், இன்னொரு பூவில் முட்டையிட்டு, கையோடு மகரந்தத்தையும் சூலகமுடியில் திணிக்கும். புழு கொஞ்சம் விதை தின்னும், மீதி செடிக்கு. 1872-இல் செயின்ட் லூயிஸில் எங்கல்மன் என்பவர் இதைக் கவனித்தாராம். எத்தனை பொறுமையான மனிதர்!

மில்க் ஆற்றுப் பக்கம் போனால் ஒரு கன்றைக்கூடத் தோண்டாதே, அம்மிணி. கனடாவில் அந்தச் செடி தானாக விளையும் இடங்கள் மிகச் சொற்பம். அதை நம்பியிருக்கும் பூச்சியும் அங்கே அழியும் நிலையில் இருக்கிறது. நாற்றுப்பண்ணையில் காசு கொடுத்தே வாங்கு.

அன்புடன்,
அப்பா